ஆடுது... அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!

தமிழர்கள் தினசரி அதிகமாகப் பயன்படுத்தும் தமிழ் வார்த்தை எது என்று யாராவது போட்டி வைத்தால், நான் தயங்காமல் 'அட்ஜஸ்ட்' என்று எழுதி அனுப்புவேன். பரிசும் எனக்குத்தான் கிடைக்கும்.

மூன்று பேர் உட்காரும் பஸ் ஸீட்டில் நாலாவதாக ஒருவர் அரை உடம்பை நுழைத்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்" என்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டால், "ரசம் சூடா இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று வாளியோடு வருவார்கள். சட்டையின் ஒரு கையை மட்டும் நீளமாகத் தைத்துவிட்ட டெய்லர், "அந்தப் பக்கம் ஒரு மடிப்பு சேர்த்து மடிச்சு விட்டுக்குங்க சார்... அட்ஜஸ்ட் ஆயிடும்" என்பார். நாமும் மடித்து விட்டுக்கொள்கிறோம். நாலு தடவை போட்ட பிறகு, எந்தக் கை நீளம் என்பதே மறந்துவிடும்!

ஆனால் மெக்கானிக்குகளின் அகராதியில் இந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். கோணலாக இருப்பதை ஸ்பேனர் வைத்துத் திருகி, இருக்கவேண்டிய இடத்துக்குக் கொண்டுவருவதற்குப் பெயர் அங்கே அட்ஜஸ்ட்மெண்ட். இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே எங்கள் வீட்டு மாருதி 800 காரும், அதை ஓட்டுகிற என் அப்பாவும் மாட்டிக்கொண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீடு. 2004-ல் அப்பா ரிடையர் ஆனபோது கைக்கு வந்த பணத்தில் வாங்கிய வெள்ளை நிறக் கார். டெல்லியில் 1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுக்கப்பட்டு, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்த வம்சத்தில் எங்களுடையதும் ஒன்று. 796 சி.சி., மூன்று சிலிண்டர். அம்மா அதை 'வண்டி' என்று சொல்ல மாட்டாள். 'பாப்பா' என்பாள். "பாப்பாவை வெயில்ல நிறுத்தாதீங்க." பெற்ற பிள்ளையான என்னை வெயிலில் ரேஷன் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் இதைச் சொல்வாள்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் தேய்மானம் கணக்குப் போடுகிற வியாதி உண்டு. காரின் விலையை ரவுண்டாக இரண்டு லட்சம் என்று வைத்துக்கொண்டு, வருமான வரிக்காரர்கள் சொல்லும் 15 சதவிகித 'ரிட்டன் டவுன் வால்யூ' முறையில் இருபது வருஷம் கழித்துப் பாருங்கள். ஏழாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் ரூபாய் நிற்கும். அதாவது, கணக்குப் புத்தகத்தின்படி பாப்பாவின் மதிப்பு ஒரு சுமாரான செல்போன்!

ஆனால் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமைதோறும் காவிரிப் பாலம் தாண்டித் திருவானைக்காவல், வாரம் இரண்டு நாள் பிஸியோதெரபி. ஆட்டோவில் ஏறி இறங்க அவளுக்கு உயரம் ஒத்துவராது. பாப்பாவின் தாழ்ந்த ஸீட்டும், கதவை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவும் இருப்பதால்தான் அவள் வெளியுலகம் பார்க்கிறாள். இதற்கு எந்தப் பத்தியில் என்ன என்ட்ரி போடுவது என்று காலேஜில் சொல்லித்தரவில்லை.

2025 பொங்கலுக்கு அக்கா குடும்பம் பெங்களூரிலிருந்து வந்தது. அக்கா வீட்டுக்காரர் அப்பாவோடு முன் ஸீட்டில் உட்கார்ந்து மலைக்கோட்டை வரைக்கும் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தவர் முகம் சரியில்லை. என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"மாப்ளே, மாமா வண்டி ஓட்டறதை நீ சமீபத்துல பார்த்தியா?"

"ஏன் அத்தான்?"

"ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இருக்கார். நேர் ரோட்டுல கூட கை நிக்கலை. வண்டி லேசா லெஃப்டுக்குப் போகுது, இழுக்கறார். ரைட்டுக்குப் போகுது, தள்ளறார். கையில நடுக்கம் வந்துடுச்சுன்னு நினைக்கிறேன். எழுபத்தொன்பது வயசாச்சு. சாவியை வாங்கி வெச்சுடுங்க."

ராத்திரி சாப்பாட்டின்போது அக்கா அதையே சுற்றி வளைத்துச் சொன்னாள். "அப்பா, ஆப்ல புக் பண்ணினா கார் வாசல்ல வந்து நிக்குது. எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"

அப்பாவுக்குப் புரியாமலா இருக்கும்? தட்டில் இருந்த ரசம் சாதத்தை இரண்டு தடவை பிசைந்தார். பிறகு கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார். அந்தக் கையை யாரும் பார்க்க வேண்டாம் என்பதுபோல.

எனக்கு அது பொறுக்கவில்லை. "வண்டியை முதல்ல பார்த்துடலாமே. அப்புறம் மனுஷனைப் பார்க்கலாம்" என்றேன்.

முதலில் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பெயர் எதற்கு? ஏ.சி. ஹாலில் உட்காரவைத்து, காபி கொடுத்து, பத்து நிமிஷத்தில் ஒரு தம்பி கையில் டேப்லெட்டோடு வந்தார். "சார், ஸ்டியரிங் அசெம்பிளியையே மாத்தணும். பதினோராயிரம். லேபர் தனி."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"வண்டி பழசு சார்."

வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்! அத்தான் அப்பாவின் வயதைப் பார்த்து முடிவு கட்டினார் என்றால், இவர் காரின் வயதைப் பார்த்து முடிவு கட்டினார். இரண்டு பேரும் ஒரே யுனிவர்சிட்டி போலிருக்கிறது.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்கள் மராமத்துக்கு வருகிற இடம் அது. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன் டயர் இரண்டையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இடது டயரின் உள் ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது.

"சாரை வண்டியில உக்காரச் சொல்லுங்க தம்பி" என்றார்.

"நீங்க பாருங்களேன். என் கைதான் ஆடுதாமே" என்று அப்பா திண்ணையிலிருந்தே சொன்னார்.

"அதைத்தான் பார்க்கப் போறோம். வாங்க சார்."

அடுத்து அவர் செய்த சோதனையை நீங்களும் உங்கள் வீட்டு வாசலில் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை, ஆள் இரண்டு பேர் போதும். வண்டி சமதரையில், இன்ஜின் ஆஃபில் நிற்க வேண்டும். சாவியை ஒரு கிளிக் திருப்பி ஸ்டியரிங் லாக்கை விடுவித்துவிட்டு, உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கை ஒரே ஒரு விரலால் இடமும் வலமுமாக மெள்ள அசைக்க வேண்டும். வெளியே இருப்பவர் முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் வளையம் எவ்வளவு தூரம் சும்மா நகர்ந்த பிறகு சக்கரம் அசைய ஆரம்பிக்கிறது? அந்தச் சும்மா நகர்கிற தூரத்துக்குத்தான் 'ப்ளே' என்று பெயர். நம் மெக்கானிக்குகள் 'ஆட்டம்' என்பார்கள். பெரும்பாலான சின்னக் கார்களுக்கு 30 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் அப்பாவின் விரல் நாலு விரற்கடைக்கு மேல் போனது. சக்கரம் அதுவரைக்கும் தியானத்தில் இருந்தது.

"சாருக்குக் கை ஆடலை தம்பி. கை ஆடலைன்னா வண்டி என்னிக்கோ சாக்கடையில இறங்கியிருக்கும்" என்றார் பெரியவர்.

இந்த இடத்தில் ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாருதி 800-ல் இருப்பது 'ரேக் அண்ட் பினியன்'. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினால், அதன் தண்டின் அடியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் திரும்பும். அதுதான் பினியன். அது, பல் வெட்டிய ஒரு நீளக் கம்பியை இடமோ வலமோ நகர்த்தும். அது ரேக். ரேக்கின் இரு முனைகளிலும் ஆளுக்கு ஒரு கம்பி. அதற்கு டை ராட் என்று பெயர். அந்த டை ராட் போய்ச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையைத் தள்ளும் அல்லது இழுக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போதும் இந்தத் தள்ளல் இழுவை நடந்தாக வேண்டுமே? அதற்காகக் கம்பியின் நுனியில் ஒரு மூட்டு. கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை, சுற்றிலும் கிரீஸ், மேலே ஒரு ரப்பர் தொப்பி. நம் இடுப்பு மூட்டு போலவேதான். இதன் பெயர் 'டை ராட் எண்ட்'.

வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டமும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டமும் போட வேண்டும். ஆகவே இரண்டும் ஒரே அளவு திரும்பினால் டயர் தரையில் தேயும். இரண்டையும் வேறு வேறு அளவு திருப்பும் ஏற்பாட்டை மியூனிக் நகரத்தில் கோச் வண்டிகள் கட்டிக்கொண்டிருந்த லாங்கென்ஸ்பெர்கர் என்பவர் உருவாக்கினார். அவருக்காக 1818-ல் லண்டனில் பேடண்ட் வாங்கிக் கொடுத்தவர் ஆக்கர்மன் என்கிற புத்தக, படப் பதிப்பாளர். இன்றைக்கு உலகம் பூராவும் அதற்குப் பெயர் 'ஆக்கர்மன் ஸ்டியரிங்'! பாடுபட்டவர் ஒருத்தர், பெயர் எடுத்தவர் ஏஜெண்ட். பி.காம். படித்தவனாக இதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

பெரியவர் தரையில் படுக்காமலே கையை உள்ளே விட்டு, இடதுபக்க மூட்டைத் தொட்டுக்கொண்டு, "சார், ஆட்டுங்க" என்றார். அப்பா அசைத்தார். 'டொக்... டொக்...' பெரியவர் என் விரலைப் பிடித்து அந்த மூட்டின் மேல் வைத்தார். கம்பி நகர்ந்தது. உருண்டை கிண்ணத்துக்குள் ஒரு தட்டுத் தட்டியது. அதற்குப் பிறகுதான் சக்கரத்தின் கை நகர்ந்தது. ரப்பர் தொப்பி வெடித்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் காவிரிக் கரை மண் இருந்தது.

"ரப்பர் காஞ்சு கிழிஞ்சா தண்ணியும் மண்ணும் உள்ளே போகும். கிரீஸ் கழுவிப் போகும். அப்புறம் மண்ணே உப்புத்தாள் ஆயிடும். உருண்டை தேயும், கிண்ணமும் தேயும். அம்மா முழங்கால் மாதிரிதான். தேஞ்சது திரும்ப வளராது."

"இப்படியே ஓட்டினா?"

பெரியவர் அப்பாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஒருநாள் உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துடும். அப்புறம் அந்தச் சக்கரம் யார் பேச்சையும் கேட்காது. நீங்க ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது இஷ்டத்துக்குத் திரும்பும். பாலத்து மேல அது நடந்தா..."

அவர் முடிக்கவில்லை. எனக்கு வெள்ளிக்கிழமைகளும், முன் ஸீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அப்பாவிடம் கேட்டேன். "இவ்வளவு ஆட்டம் இருக்கே, உங்களுக்குத் தெரியலையாப்பா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சம் கொஞ்சமா ஆடுச்சு. நான் கொஞ்சம் கொஞ்சமா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

எத்தனை வருஷமாகவோ ஒவ்வொரு மாசமும் நூலிழை நூலிழையாகத் தேய்ந்த மூட்டுக்கு ஈடாக, அவருடைய கை நூலிழை நூலிழையாக அதிகம் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறது. வண்டி இடதுபக்கம் போகப்போகிறது என்பது அது போவதற்கு முன்பே கைக்குத் தெரிந்திருக்கிறது. நடுக்கம் என்று அத்தான் பார்த்தது, அந்தக் கையின் ஓயாத வேலையை. தினமும் ஓட்டுகிறவருக்கு ஆட்டம் தெரியாது. புதிதாக வந்து உட்காருபவருக்குத்தான் தெரியும். ஆனால் புதிதாக வந்தவருக்கு, ஆடுவது எது என்று தெரியாது.

ரிப்பேரை வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முதல் தடவை ஸ்டியரிங்கில் கைவைக்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைப்பர் மாற்றுவது போன்ற காரியமல்ல இது.

பெட்டியில் போட்ட நல்ல கம்பெனிச் சாமான், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கடைக்காரர் இன்னொரு ஜோடியைக் காட்டி, "இது அதுல பாதி விலை சார். டூப்ளிகேட்தான், ஆனா ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்றார். எனக்கு ஒரிஜினல் மாதிரி இருக்கிற பொருள் எல்லாம் வேறு இடங்களில் சம்மதம். இதில் வேண்டாம் என்றேன். வலதுபக்கம் அவ்வளவு மோசமில்லைதான். ஆனாலும் இரண்டும் ஒரே நாளில் பிறந்து ஒரே ரோட்டில் உழைத்தவை. ஒன்று போனால் இன்னொன்று வாசலில்தான் நிற்கும்.

முதல்நாள் சாயந்திரமே பெரியவர் வந்து, துருப்பிடித்த மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டுப் போனார். "ராத்திரி பூரா ஊறட்டும். உளுந்து மாதிரி."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல். ஹேண்ட் பிரேக். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நாலு நட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்தியாயிற்று. பிறகு ஜாக்கி. ஜாக்கியில் தூக்கியவுடன் இரும்பு ஸ்டாண்டை முட்டுக் கொடுத்தார். "ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பி உள்ளே தலையைக் கொடுத்தவன் தலையைத் திருப்பி எடுத்ததா நிச்சயம் கிடையாது" என்றார். இதை மட்டும் வாசகர்கள் சிவப்பு மையில் கோடிட்டுக்கொள்ளவும்.

மூட்டின் அடியில் கிரீடம் வைத்த மாதிரி ஒரு நட்டு. கேஸில் நட்டு. அந்தக் கிரீடத்தின் பள்ளம் வழியாக, உள்ளே இருக்கும் தண்டின் துளையில் நுழைந்து, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு ஒரு கம்பித் துண்டு இருக்கும். ஸ்பிளிட் பின். சில்லறைக் காசு சாமான். நட்டு தானாகக் கழன்றுகொள்ளாமல் இத்தனை வருஷம் காவல் காத்தது அதுதான். பெரியவர் அதைக் குறடால் நிமிர்த்தி உருவி, குப்பையில் போட்டார். "மறுபடி இதையே போடலாம்னு சில பேர் எடுத்து வெப்பாங்க. மடங்கின கம்பி மறுபடி மடங்கும்போது ஒடியும். புதுசுதான் போடணும்."

அடுத்து, டை ராட்டில் இருக்கும் லாக் நட்டை முதலில் தளர்த்தி வைத்துக்கொண்டு, கேஸில் நட்டை மரையின் கடைசி வரை இறக்கினார், முழுசாகக் கழற்றவில்லை. இனி மூட்டு கழல வேண்டும். கழலவில்லை! அந்தத் தண்டு கூம்பு வடிவம். இருபது வருஷம் இறுகி உட்கார்ந்திருந்தது. நானாக இருந்தால் தண்டின் தலையிலேயே ஓங்கி ஒரு போடு போட்டிருப்பேன். மரை நசுங்கியிருக்கும். பெரியவர் இரண்டு சுத்தியல் எடுத்தார். ஒன்றைத் தண்டைப் பிடித்திருக்கும் கண்ணின் ஒரு பக்கத்தில் அணைவாக வைத்தார். இன்னொன்றால் எதிர்ப்பக்கத்தில் அடித்தார்.

"தண்டைக் கழட்டணும், நீங்க பக்கத்துல அடிக்கிறீங்களே?"

"ஜாடைப் பேச்சு கேட்டிருக்கீங்கல்ல? மருமகளுக்குச் சொல்லணும்னா மாமியார் பூனைகிட்டச் சொல்லுவாங்க. அந்த மாதிரி. கண்ணுல அடிச்சா அது அதிர்ந்து ஒரு மயிரிழை விரியும். தண்டு தானா இறங்கும்."

மூன்றாவது அடியில் 'டப்' என்று இறங்கியது. உள்ளேயிருந்து அம்மா, "பூனைகிட்ட யாரு பேசினா?" என்றாள்.

இப்போது பழைய மூட்டைக் கம்பியிலிருந்து திருகிக் கழற்ற வேண்டும். இங்கேதான் மெக்கானிக்குகளின் 'அட்ஜஸ்ட்' வருகிறது. மூட்டு எத்தனை சுற்று உள்ளே போயிருக்கிறதோ, அதுதான் கம்பியின் நீளம். கம்பியின் நீளம்தான் சக்கரத்தின் கோணம். ஆகவே கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறதோ, புதியதை அத்தனை சுற்று உள்ளே அனுப்ப வேண்டும். எண்ணுகிற வேலை எனக்கு. விடுவேனா? தரையில் சாக்பீஸால் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு என்று, நெல் மூட்டை எண்ணுவது மாதிரி எண்ணினேன்.

"எத்தனை?"

"பதினாலரை."

திண்ணையிலிருந்து அப்பாவின் குரல்: "பதினாலரை. நானும் எண்ணினேன்."

இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட கணக்கு டாலி ஆவதில் இருக்கும் சந்தோஷம், காமர்ஸ் படித்தவனுக்கு மட்டுமே தெரியும். அதைவிட எனக்குப் பிடித்தது, அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

புதியது உள்ளே போயிற்று. கூம்புத் தண்டையும் அது உட்காரும் கண்ணையும் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் படாமல் பொருத்தினார். நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவல் சொன்ன அளவுக்கு முறுக்கினார். கிரீடத்தின் பள்ளமும் தண்டின் துளையும் நேருக்கு நேர் வரவில்லை. "கொஞ்சம் பின்னாடி தளர்த்தினா வந்துடுமே" என்றார் அப்பா.

"தளர்த்தக் கூடாது சார். இன்னும் கொஞ்சம் முறுக்கித்தான் அடுத்த பள்ளத்தைப் பிடிக்கணும். இதுல விட்டுக்கொடுத்துப் போறதே கிடையாது."

புது ஸ்பிளிட் பின். இரண்டு காலையும் மடக்கல். லாக் நட்டு. சக்கரம். வண்டியை இறக்கிய பிறகு எதிரெதிர் நட்டுகளாக இறுக்கல். பிறகு இதே புராணம் வலதுபக்கம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து, நடுவில் இரண்டு காபி, ஒரு இட்லி இடைவேளையுடன் பன்னிரண்டரைக்கு முடிந்தது.

வீட்டில் செய்யக்கூடியது அவ்வளவுதான். "நாம எண்ணினது கிட்டத்தட்ட சரியா இருக்கும். கிட்டத்தட்ட போதாது" என்று பெரியவர் எங்களை நேராக வீல் அலைன்மெண்ட் கடைக்கு அனுப்பினார், "மெதுவாப் போங்க" என்று எச்சரித்து. அங்கே சக்கரங்களில் ஏதோ கண்ணாடிகளை மாட்டி, கம்ப்யூட்டரில் பார்த்து, டை ராட்டைக் கால் சுற்று அரைச் சுற்று திருப்பிச் சிவப்பு எண்களைப் பச்சையாக்கிக் கொடுத்தார்கள். அதற்குச் சில நூறு ரூபாய். ஆகமொத்தச் செலவு இரண்டாயிரத்துக்குள். பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அம்மா செய்த அதிரசம் ஒரு டப்பா எதிர் வீட்டுக்குப் போனது.

கடையிலிருந்து திரும்பும்போது ஓட்டியவர் அப்பா. முதல் பத்து நிமிஷம் வேடிக்கையாக இருந்தது. வண்டி வெட்டி வெட்டிப் போனது! ஆட்டம் போய்விட்டது, ஆட்டத்தைச் சரிக்கட்டும் பழக்கம் கையில் இன்னும் இருந்தது. ஒரு அங்குலத்துக்கு நாலு அங்குலம் திருப்பிப் பழகிய கை அது. ரவுண்டானா தாண்டியதும் அப்பா கையைத் தளர்த்தினார். பாப்பா நேராகப் போயிற்று.

"என்னடா இது..." என்றார் அப்பா. "சொன்னதும் கேக்குது!"

இரண்டு தெரு தள்ளி வேறொன்றும் சொன்னார். நான் கேட்காமல் அவராகவே சொன்னது. "ராத்திரியில இனிமே ஓட்ட மாட்டேன். எதிர்ல வர்ற லைட்டு கண்ணைக் கூசுது. ரெண்டு வருஷமாவே. அது ஸ்டியரிங் கோளாறு இல்ல, என் கோளாறு."

வண்டியின் குற்றத்தையும் சேர்த்து அவர் தலையில் கட்டியபோது வாயைத் திறக்காத மனுஷர், வண்டியின் குற்றம் வண்டிக்குப் போனதும், தன் பங்கை நயா பைசா பாக்கியில்லாமல் தானே கணக்கில் எழுதிவிட்டார். அக்காவுக்கு அன்றிரவே போன் செய்து சொன்னேன். பகலில் அப்பா, இரவில் நான் அல்லது வாடகைக் கார் என்று ஏற்பாடு. பழைய டை ராட் எண்ட் ஒன்றைக் கழுவி அத்தானுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "மேஜையில பேப்பர் வெயிட்டா வெச்சுக்கலாம்." அக்கா சிரித்தாள்.

உங்கள் வீட்டில் கார் இருந்தால், அது எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும், வாரம் முழுக்க அதை ஓட்டாத ஒருவரை ஞாயிற்றுக்கிழமை ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லுங்கள். இன்றைய பவர் ஸ்டியரிங் வண்டிகளில் இந்த ஆட்டம் கைக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆகவே ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் 'டொக்' என்று கேட்கிறதா, முன் டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்கிறதா, நேர் ரோட்டில் வண்டியை அடிக்கடி திருத்த வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்க்கும் மெக்கானிக்காகத் தேடிப் போங்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதையெல்லாம் நான் அம்மாவிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது, அப்பா கை தானாக அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது, யாருக்குமே தெரியாமல் போனது...

அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் டப்பாவை மூடினாள்.

"நல்லாத்தான் இருக்கு கதை. அம்பது வருஷமா நான் பண்ணிக்கிட்டு வர்ற அட்ஜஸ்ட்டை எவன்டா ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தான்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து, சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.